நுரையீரல் ரத்தக்கட்டியைக் குழாய் வழியே கரைப்பது: யாருக்கு, எப்போது, ஏன்?

கடிதத்தில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லும் முன், உங்கள் ஆத்தாவுக்கு (இனி ஆச்சி என்றே எழுதுகிறேன்) நேர்ந்ததை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்; இதே குழப்பத்தோடு இருக்கும் மற்றவர்களுக்கும் அப்போதுதான் பதில் விளங்கும். ஆச்சிக்கு 68 வயது. மதுரையில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு கோட்டையூர் வீட்டுக்குத் திரும்பியவர்கள், பன்னிரண்டாம் நாள் காலை வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நடக்கும்போது மூச்சு முட்டிச் சரிந்திருக்கிறார்கள். காரைக்குடியில் இ.சி.ஜி. எடுத்து, மாரடைப்புக்கான அடையாளம் இல்லை என்று பார்த்து, இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் விரிந்திருப்பதைக் கண்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே சி.டி. ஸ்கேனில் இரு நுரையீரல்களின் தமனிகளிலும் ரத்தக்கட்டி தெரிந்தது. முதல் நாள் முழுவதும் ஹெபாரின் மட்டும் கொடுத்தார்கள். மறுநாள் மாலை, தொடை வழியாக இரண்டு மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பன்னிரண்டு மணி நேரம் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சொட்டவிட்டார்கள். வீடு திரும்பி இப்போது ஒரு மாதம் ஆகிறது. கரைக்கும் மருந்தைக் கைநரம்பிலேயே ஏற்றியிருந்தால் போதும், குழாய் வெட்டிச் செலவு என்கிறார் உங்கள் அம்மான். குழாய்தான் வழி என்றால் முதல் நாளே செய்யாமல் ஏன் ஒரு பொழுதை வீணாக்கினார்கள் என்கிறார் சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணன். கட்டிதான் கரைந்துவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்கிறார்கள் ஆச்சியே.

தேவகோட்டையிலும் காரைக்குடியிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்துப் பார்த்தால், முதல் நாள் குழாய் போடாமல் காத்திருந்ததும் சரி, இரண்டாம் நாள் காத்திருப்பதை நிறுத்தியதும் சரி. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதைப் புரிந்துகொள்ள, கட்டியை விட்டுவிட்டு முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. 'நுரையீரலில் கட்டி' என்று யாராவது சொன்னதும் நம் ஊரில் பாதிப் பேர் புற்றுநோய் என்று நினைத்து அழத் தொடங்கிவிடுகிறார்கள். இது அந்தக் கட்டி அல்ல. ரத்தம் உறைந்து திரண்ட கட்டி. அது நுரையீரலில் உண்டானதும் அல்ல. பெரும்பாலும் கால் அல்லது இடுப்பின் ஆழமான சிரைகளில் உருவாகி, அங்கிருந்து பிய்த்துக்கொண்டு, வயிற்றின் பெருஞ்சிரை வழியே ஏறி, இதயத்தின் வலது மேலறை, கீழறை இரண்டையும் கடந்து, நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ரத்தம் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் கட்டி உருவாகும் என்பது ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் இன்றும் கற்பிக்கப்படும் பாடம். முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் இந்த மூன்றும் ஒரே மேசையில் கூடுகின்றன: அறுவையின்போது தொடையில் இறுக்கிய பட்டை, வெட்டுக்காயம், அதன்பின் நாள்கணக்கில் படுக்கை. அதனால்தான் இந்த அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்கச் சில வாரங்களுக்கு மருந்து தருவது வழக்கம். தந்தாலும் சிலருக்குக் கட்டி வரத்தான் செய்கிறது. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இனி இதயம். நுரையீரலுக்குக் காற்றிலிருந்தும் ஆக்சிஜன் கிடைக்கிறது, மூச்சுக்குழாய்களோடு ஓடும் வேறு சிறு தமனிகளிலிருந்தும் ரத்தம் கிடைக்கிறது. ஆகவே தமனி அடைபட்டாலும் நுரையீரல் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. இந்த நோயில் உயிரை எடுப்பது வலது கீழறையின் தோல்வி. இடது கீழறை உடல் முழுவதற்கும் 120 அளவு அழுத்தத்தில் ரத்தத்தைத் தள்ளிப் பழகியது. அதன் சுவர் தடித்தது. வலது கீழறையோ பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு 25 அளவு அழுத்தத்தில் தள்ளினால் போதும் என்று மெல்லிய சுவரோடு அமைந்தது. திடீரென்று முன்வழி அடைபட்டால், பழக்கமில்லாத அந்த அறையால் சராசரி அழுத்தத்தை 40-க்கு மேல் உயர்த்த முடியாது. உயர்த்த முடியாதபோது அது விரிகிறது. விரிந்து, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. இடது கீழறைக்கு ரத்தம் வருவதும் குறைகிறது, வந்ததை வாங்கிக்கொள்ள இடமும் குறைகிறது. உடலின் ரத்த அழுத்தம் இறங்குகிறது. அது இறங்கியதால் வலது கீழறையின் தசைக்கே போகும் ரத்தமும் குறைந்து, அது மேலும் தளர்கிறது. இந்தச் சுழல் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். சுழல் தொடங்கவில்லை என்றால், ஸ்கேனில் எவ்வளவு பெரிய கட்டி தெரிந்தாலும் நோயாளி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே மருத்துவர்கள் நோயாளிகளைப் பிரிப்பது கட்டியின் நீள அகலத்தை வைத்து அல்ல. மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால், அல்லது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்து தேவைப்பட்டால், அது உயர் ஆபத்து நிலை. அழுத்தம் சரியாக இருந்து, எக்கோவிலோ சி.டி.யிலோ வலது கீழறை விரிந்து, இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினும் கூடியிருந்தால், அது இடைநிலையில் மேல்படி. இரண்டும் இல்லாதவர்களுக்கு மாத்திரையே போதும். சிலரை வீட்டுக்கே அனுப்பிவிடலாம். உங்கள் ஆத்தா மதுரையை அடைந்தபோது அழுத்தம் 110/70, நாடித்துடிப்பு 124, ஆக்சிஜன் 88 சதவீதம், ட்ரோபோனின் கூடுதல், எக்கோவில் வலது கீழறை விரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். இடைநிலையின் மேல்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு மிகுந்த படியும் இதுதான்.

ஹெபாரின் என்ன செய்கிறது என்பதில் உங்கள் வீட்டில் ஒரு தவறான எண்ணம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அது கட்டியைக் கரைக்காது. புதிதாக உறைவதை நிறுத்தும், இருக்கும் கட்டி வளராமல் தடுக்கும். கரைக்கும் வேலையை உடலே தன் சொந்தச் சரக்கான பிளாஸ்மினைக் கொண்டு நாள்கணக்கில், வாரக்கணக்கில் செய்துகொள்ளும். அதற்காக ஹெபாரினை எளிதாக எண்ண வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் பாரிட், ஜோர்டன் என்ற இருவர் 35 நோயாளிகளை மட்டும் வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறைவு தடுக்கும் மருந்து தரப்படாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பாலேயே இறந்தார்கள். தரப்பட்ட 16 பேரில் அதனால் இறந்தவர் ஒருவரும் இல்லை. இவ்வளவு சிறிய ஆய்வு இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மருத்துவத்தில் அரிது. இன்றைக்கும் அடித்தளம் அதுதான். குழாயோ கரைக்கும் மருந்தோ அதற்கு மேலே கட்டும் மாடி. காரைக்குடியில் ஸ்கேனுக்குக் காத்திராமல் ஹெபாரினைத் தொடங்கிவிட்டு அனுப்பினார்களே, அந்த மருத்துவருக்கு உங்கள் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும். அதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

இப்போது அம்மானின் வாதத்துக்கு வருகிறேன். கைநரம்பில் ஏற்றும் கரைப்பு மருந்து உண்மையிலேயே ஆற்றல் மிக்கது. ஆல்டிபிளேஸ் என்றால் 100 மில்லிகிராமை இரண்டு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் உடல் எடைக்கு ஏற்ப ஒரே ஊசியில். நான் தொழிலைத் தொடங்கிய காலத்தில் கைக்கு எட்டியது ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டுமே. அழுத்தம் விழுந்து உயிர் ஊசலாடும் உயர் ஆபத்து நிலையில் இம்மருந்துகளுக்கு ஈடில்லை. ஆனால் அழுத்தம் நிற்கும் இடைநிலையில்? அதைத்தான் 2014-இல் வெளிவந்த பெய்த்தோ என்ற ஆய்வு ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்தது. ஹெபாரின் மட்டும் பெற்றவர்களில் 5.6 சதவீதம் பேர் ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள் அல்லது அழுத்தம் விழுந்து சரிந்தார்கள். டெனெக்டிபிளேஸும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 2.6 சதவீதம்தான். இதோடு நிறுத்தினால் அம்மான் சொல்வது சரி. அதே ஆய்வில் பக்கவாதம் ஹெபாரின் பிரிவில் 0.2 சதவீதம், டெனெக்டிபிளேஸ் பிரிவில் 2.4 சதவீதம், அதில் பெரும்பகுதி மூளையில் ரத்தம் கசிந்ததால் வந்தது. மூளைக்கு வெளியே பெரிய ரத்தக்கசிவு 1.2 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாக உயர்ந்தது. இறப்பு மட்டும் என்று பார்த்தால் இரு பிரிவுக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் மூளைக்குப் போகிறது. கையில் ஏற்றிய மருந்துக்கு நுரையீரலில் உள்ள கட்டி எது, மூளையின் நலிந்த ரத்தக்குழாயில் பொத்தலை மூடியிருக்கும் உறைவு எது, முழங்காலில் பன்னிரண்டு நாளுக்கு முன் வெட்டி ஒட்டிய இடம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உறைந்ததையெல்லாம் கரைக்கும். புதிதாக மாற்றிய மூட்டுக்குள் ரத்தம் நிறைந்தால் வலி மட்டுமா? சீழ் பிடித்து, போட்ட மூட்டையே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அழுத்தம் விழுந்திருந்தால் இதையெல்லாம் எண்ணாமல் முழு அளவையே ஏற்றியிருப்பார்கள். முழங்கால் போனால் போகட்டும், உயிர் முதலில். விழாதவரை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

முழு அளவுக்கும் ஹெபாரினுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்ற தேடலில் வந்ததுதான் குழாய் வழிக் கரைப்பு. சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் விடலாம் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர். 1929-இல் தம் கைச்சிரையில் தாமே குழாயைச் செலுத்தி, அது இதயத்தின் வலப்பக்கத்தை எட்டியதை எக்ஸ்ரே படமாக எடுத்துக் காட்டினார். பாராட்டுக்குப் பதில் ஏச்சு கிடைத்தது. நோபல் பரிசு 1956-இல், வேறு இருவரோடு பகிர்ந்து கிடைத்தது. ஆச்சியின் தொடையிலிருந்து போன குழாய் கடைசி இரண்டு சாண் தூரத்தில் கடந்ததும் ஏறத்தாழ அதே பாதைதான்.

ஆனால் குழாயை நுரையீரல் தமனி வரை கொண்டுபோய் மருந்தை விட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. 1988-இல் வெர்ஸ்ட்ரேட் என்ற பெல்ஜிய மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், ஒரே அளவு ஆல்டிபிளேஸைச் சிலருக்குக் கைநரம்பிலும் சிலருக்கு நுரையீரல் தமனிக்குள்ளும் விட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு இல்லை. யோசித்தால் காரணம் விளங்கும்: சிரையில் ஏற்றும் எந்த மருந்தும் வலது இதயம் வழியாக முதலில் நுரையீரலுக்குத்தான் போகிறது, பிறகு எதற்குக் குழாய்? அதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. நம் கண்மாயின் மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடும்? தூர்ந்து கிடக்கும் வாய்க்காலில் ஓடாது. திறந்திருக்கும் வாய்க்காலில்தான் ஓடும். அடைப்புக்கு முன்னால் விட்ட மருந்தும் அப்படியே: கட்டியின் முகப்பில் சுழித்துக்கொண்டு, அடைபடாத கிளைகளில் ஓடிப்போய்விடும். தூர்ந்த இடத்திலேயே மண்வெட்டியைப் போட்டால்தான் வாய்க்கால் திறக்கும். ஆகவே குழாயின் நுனி கட்டிக்கு முன்னால் நின்றால் போதாது, கட்டிக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். மருந்து நுனித் துளை ஒன்றின் வழியாக மட்டும் வராமல், குழாயின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சிறு துளைகள் வழியே கட்டியின் உடம்பு முழுவதும் ஊற வேண்டும். இந்த இரண்டையும் செய்தபோதுதான் மருந்தின் அளவைப் பெரிதும் குறைக்க முடிந்தது. ஆச்சிக்கு ஒரு குழாய்க்கு மணிக்கு 1 மில்லிகிராம் வீதம் இரு குழாய்களிலும் பன்னிரண்டு மணி நேரம், மொத்தம் 24 மில்லிகிராம் ஆல்டிபிளேஸ் போயிருக்கிறது. கையில் ஏற்றியிருந்தால் போயிருக்கக் கூடியது 100. வேறுபாடு எவ்வளவு என்பது அம்மானுக்கு இப்போது விளங்கும்.

இந்த முறைக்கு ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014-இல் வெளிவந்த அல்டிமா ஆய்வில் 59 பேர். கேளா ஒலி (அல்ட்ராசவுண்ட்) அதிர்வும் சேர்ந்த குழாய் வழியே 10 முதல் 20 மில்லிகிராம் வரை மருந்து பெற்றவர்களுக்கு, இடது கீழறையோடு ஒப்பிட்ட வலது கீழறையின் விகிதம் 24 மணி நேரத்தில் 1.28-லிருந்து 0.99-ஆகச் சுருங்கியது, ஹெபாரின் மட்டும் பெற்றவர்களுக்கு 1.20-லிருந்து 1.17, அதாவது ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2015-இல் வந்த சியாட்டில்-2 ஆய்வில் 150 பேருக்கும் குழாய்தான். ஒப்பிட வேறு பிரிவு கிடையாது. அதிலும் வலது கீழறை தெளிவாகச் சுருங்கியது, மூளையில் ரத்தக்கசிவு ஒருவருக்கும் இல்லை. ஆனால் பத்தில் ஒருவருக்கு உடலின் வேறு இடத்தில் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஆகவே 'குழாய் என்றால் ரத்தம் கசியாது' என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். வலது இதயம் ஒரே நாளில் இறுக்கம் தளர்வது மெய்ப்பிக்கப்பட்டது. அதனால் இத்தனை உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்பதை இந்த ஆய்வுகள் காட்டவில்லை, காட்டும் அளவுக்கு அவை பெரியவையும் அல்ல. இடைநிலை நோயாளிகள் எல்லோருக்கும் குழாய் போடுவதை நான் ஏற்காதது இதனால்தான். சரிவு தொடங்குகிறது என்று தெரிந்தவருக்கு அதே குழாயைப் போடச் சொல்பவனும் நான்தான்.

கேளா ஒலி அதிர்வு சேர்ந்த குழாய் விலை கூடியது; அது போடாததால் குறையாகிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2021-இல் 81 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், கட்டி குறைந்த அளவில் சாதாரணக் குழாய்க்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை. பெரிய துளையுள்ள குழாயால் கட்டியை உறிஞ்சி எடுக்கும் முறையும் இன்று பரவிவருகிறது. அதற்குக் கரைக்கும் மருந்தே வேண்டாம் என்பது பெரிய வசதி. 2024-இல் வெளியான 550 பேர் கொண்ட ஆய்வில், குழாய் வழிக் கரைப்போடு ஒப்பிட்டால் உறிஞ்சும் முறையில் நிலைமை மோசமாவதும் ஐ.சி.யூ. தேவையும் குறைந்தன, இறப்பில் வேறுபாடு இல்லை. அந்தக் கருவியின் விலையும், அதில் கைதேர்ந்தவர்கள் இருக்கும் இடமும் நம் பக்கத்துக்கு இன்னும் எட்டத்தில்தான் இருக்கின்றன.

அண்ணனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்வது எளிது. முதல் நாள் ஹெபாரினோடு காத்திருந்தது பொழுதை வீணாக்கியது ஆகாது. பெய்த்தோவில் ஹெபாரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் சரியவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தத் தொண்ணூற்று நான்கு பேரில் ஆச்சியும் ஒருவரா என்பது ஒரு நாள் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். நாடி 124-லிருந்து 100-க்கு இறங்கி, ஆக்சிஜன் தேவை குறைந்து, ஆச்சி பேசத் தொடங்கியிருந்தால் குழாய் இல்லாமலேயே வீட்டுக்கு வந்திருப்பார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு: மறுநாள் பிற்பகலில் நாடி 130-ஐத் தொட்டது, ஆக்சிஜன் முகமூடியை மாற்ற வேண்டியிருந்தது, மேல் அழுத்தம் 96-க்கு வந்தது, கைகால் சில்லிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 96 என்பது 90-க்கு மேல்தானே என்று இருந்துவிடாமல், 110-லிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இந்த நோயில் எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். மருத்துவர் அந்த மாலையில் குழாய் செலுத்தும் அறையான கேத் லேபுக்குக் கொண்டுபோனதை நான் அவசரம் என்றும் சொல்லமாட்டேன், தாமதம் என்றும் சொல்லமாட்டேன்.

அந்த இரவில் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று நீங்கள் பார்த்து அஞ்சியவற்றுக்கும் விளக்கம் தருகிறேன். அரை மணிக்கு ஒரு முறை செவிலியர் ஆச்சியை எழுப்பிப் பெயரைக் கேட்டதும், இரு கைகளையும் தூக்கச் சொன்னதும் தொந்தரவு அல்ல. மூளையில் கசிவு தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது குழறும் பேச்சும் தளரும் கையும்தான். திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தது ஹீமோகுளோபின் இறங்குகிறதா, உறைவதற்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிய. அது மிகவும் குறைந்தால் மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். காலை மடக்கவிடாமல் மல்லாக்கப் படுக்கவைத்தது தொடையில் குழாய் நுழைந்த இடம் கசியாமல் இருக்க. ஹெபாரினைக் குறைத்தது மறதியால் அல்ல. கரைக்கும் மருந்து ஓடும்போது அதை முழு அளவில் தருவதில்லை. முழங்காலைச் சுற்றிக் கருநீலம் படர்ந்ததைப் பார்த்து நீங்கள் பதறியிருக்கிறீர்கள். 24 மில்லிகிராமுக்கே அப்படி என்றால் 100-க்கு எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். குழாய் இதயத்தைக் கடக்கும்போது துடிப்பு சில நொடி தாறுமாறாவது உண்டு. இதயத்தின் இடப்பக்க மின்கிளை ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அந்த நேரத்தில் துடிப்பே நின்றுபோகும் வாய்ப்பு இருப்பதால், முன்னதாக இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இவ்வளவு சொன்னபின், குழாயைப் புகழ்ந்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, எங்கே அதைத் தேடி ஓடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் சரி, திருச்சிக்கும் சரி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தேவகோட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் ஒன்றரை மணி நேரம். அங்கே போய் கேத் லேப் குழுவைக் கூட்டி, குழாயைக் கட்டிக்குள் நிறுத்த இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். அதன்பின் மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் வேலை செய்யும். அழுத்தம் விழுந்துவிட்டவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அவருக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இருக்கும் ஊரிலேயே கைநரம்பில் முழு அளவு மருந்தை ஏற்றிவிட வேண்டும். மாரடைப்புக்காக டெனெக்டிபிளேஸோ ஸ்ட்ரெப்டோகைனேஸோ வைத்திருக்கும் மருத்துவமனைகள் நம் பகுதியிலும் உண்டு. மாரடைப்புக்கு அதைத் தயங்காமல் போடுபவர்கள் நுரையீரல் அடைப்புக்குப் போடத் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தடை என்பவை தனி: முன்பு எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு, அண்மையில் பக்கவாதம், மூளையில் கட்டி, மூளை அல்லது தண்டுவட அறுவை, இப்போதே எங்காவது ரத்தம் கசிவது. இவை இருப்பவர்களுக்கு உறிஞ்சும் குழாயோ இதய அறுவையோதான் வழி. அப்போது பெரிய ஊர் தவிர வேறு போக்கிடம் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், காலில் மாவுக்கட்டோடு இரண்டு வாரமாகக் கட்டிலில் கிடந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரை, மூச்சு வாங்குகிறது என்று அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நெஞ்சில் சத்தம் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், இ.சி.ஜி.யில் துடிப்பு மட்டும் வேகம். வாயு, பயம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலையில் கழிவறையில் சரிந்தவரை எழுப்ப முடியவில்லை. நெஞ்சு சுத்தமாக இருந்து மூச்சு மட்டும் வாங்கினால் காலைப் பார் என்ற பாடத்தை அந்த மனிதரிடம் கற்றேன். அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

கடைசியாக ஆச்சியின் கேள்வி. குழாய் கரைத்தது நுரையீரலில் பெரிய கிளைகளில் இருந்த கட்டியின் ஒரு பகுதியை மட்டுமே. வலது இதயம் மூச்சு விட இடம் செய்து கொடுத்தது, அவ்வளவுதான். சிறு கிளைகளில் மிஞ்சியதும் காலில் இன்னும் இருப்பதும் கரைய வேண்டியது உடலின் கையால், மெல்ல மெல்ல. அது நடக்கும் வரை புதிதாக உறையாமல் காப்பது மாத்திரை. ஆச்சிக்கு வந்தது அறுவை என்ற தெளிவான காரணத்தால் என்பதால் குறைந்தது மூன்று மாதம். காரணம் இல்லாமல் வந்திருந்தால் நீண்ட காலம் என்று பேசியிருப்போம். எழுதிக் கொடுத்திருப்பது ரிவரோக்சபான்: முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரு வேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. இதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. விரத நாளில் ஆச்சி மாத்திரையை எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வார்ஃபரின் என்ற பழைய உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள்தாம் கீரையின் அளவை நாளுக்கு நாள் மாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆச்சி முருங்கைக்கீரை சாப்பிடலாம்.

வேறு சில எச்சரிக்கைகள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் வலிமாத்திரைகள் இம்மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும், பாரசிட்டமால் போதும். காய்ச்சல் என்று இடுப்பில் ஊசி போட வருபவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி ஊசியைத் தடுத்துவிடுங்கள். வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் வரச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள், சிரையில் ஒட்டியிருக்கும் கட்டியைப் பிய்த்து அனுப்ப அதுவும் ஒரு வழி. நடப்பதற்குத் தடையில்லை. வளவைச் சுற்றி நிழலிலேயே காலையும் மாலையும் நடக்கட்டும். முகப்பில் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். கறுப்பாக மலம் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, மறுபடி மூச்சு வாங்கினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, 108-ஐ அழைத்துவிடுங்கள்.

கட்டி போய்விட்டதா என்று பார்க்க இப்போதே இன்னொரு சி.டி. எடுக்க அண்ணன் வற்புறுத்துகிறார் போலும். தேவையில்லை, படத்தில் எச்சம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருந்து மாறப்போவதில்லை. மூன்று மாதம் ஆனபின்னும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால்தான் எக்கோவும், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வி.க்யூ. ஸ்கேனும் எடுக்க வேண்டும். நூற்றில் சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் தமனியின் அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடுவது உண்டு. அதற்குத் தனி அறுவையும் பலூன் சிகிச்சையும் இருக்கின்றன, ஆனால் கண்டுபிடித்தால்தான்.

இடது முழங்காலையும் தை மாதத்துக்குள் மாற்றிவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ரத்தக்கட்டி வந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியும் முன் அவசரமில்லாத எந்த அறுவையும் வேண்டாம். அதற்குப் பிறகு செய்வதாக இருந்தால், முதல் அறுவைக்குப் பின் நடந்ததை எலும்பு மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் டிஸ்சார்ஜ் சீட்டோடு காட்டி, மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் மறுபடி தொடங்குவது, எத்தனை வாரம் தொடர்வது என்று மூன்றையும் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே படுக்கைக்குப் பணம் கட்டுங்கள்.